தின்னக் கூடாத கடலை

கையில் இருப்பது பொட்டலம், பொட்டலத்தில் இருப்பது கடலை, சட்டைப்பைக்குள் போவது கணக்கு. வைரக்கண்ணு இதை மனசுக்குள் மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டார், அல்லது முப்பதாவது முறையாக; எத்தனையாவது என்று தெரிகிற மனுஷன் எதற்கு ஐம்பத்து நான்கு வயதில் மன்னார்குடிக்கு வந்து, ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் சிமெண்டுப் படியில் உட்கார்ந்து, கடலையை வைத்து எண்ணப்போகிறான். மகள் அரசி கபடியில் ஒரு பாயிண்ட் எடுத்தால் பொட்டலத்திலிருந்து ஒரு கடலை சட்டைப்பைக்குப் போகும். தோல் உரிக்காத முழுக் கடலை. இது ஒன்றும் புது வித்தை இல்லை. பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டுவது அவர் தொழில், இருபத்தேழு வருஷம். கம்பியைச் சுற்றிக்கொண்டே எண்ணும்போது வாசலில் ஒருத்தன் வந்து நின்று, அண்ணே, நம்ம மோட்டாரு ஆச்சா என்று கேட்டால் போச்சு, நாற்பத்தேழா நாற்பத்தெட்டா என்று எமனே வந்து கேட்டாலும் சொல்ல முடியாது. அதனால் பத்துச் சுற்றுக்கு ஒரு வாஷர், இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்கு. தலை மறந்தாலும் டப்பா மறக்காது. அந்த நாளில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார், ஏதோ தலை மறப்பதெல்லாம் அடுத்தவன் வீட்டுச் சமாசாரம் என்கிற மாதிரி. களத்தில் பெண்கள் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். நீலம் ஏழு பேர், மஞ்சள் ஏழு பேர். நீல நாலு அரசி. அது மறக்கவில்லை, பெற்ற பிள்ளையின் முதுகை அடையாளம் காண நம்பர் எதற்கு, ஆனாலும் நம்பரையும் சொல்லிக்கொண்டார். நீல நாலு. கடலை. சட்டைப்பை.

பேண்ட் பாக்கெட்டில் டைரி இருந்தது. அதை எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தார். முதல் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: தஞ்சாவூர் டாக்டர் சொன்னது, பழசு பத்திரமாக இருக்கிறது, புதுசு தங்காது, பத்து நிமிஷம், நல்ல நாளில் கால் மணி நேரம், கை பழகியது போகாது. போன வருஷம் சம்பா அறுப்பு சமயத்தில் ரோட்டில் காயப்போட்டிருந்த நெல்லில் வண்டி சறுக்கித் தலை சாலையில் மோதியது என்பதும் இந்தப் பக்கத்தைப் படித்துத்தான் அவருக்குத் தெரியும். பக்கத்து ஊர்க்காரன் கதை போலத் தெரியும். இன்றைய பக்கத்தில், இன்று ஃபைனல், அரசி நீல நாலு, ஆட்டம் முடிந்து அவள் வரும்போது மேட்ச் எப்போது என்று கேட்காதே. இந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு. பேனா பேப்பரைக் கிழித்திருந்தது. ஏன் இப்படிக் கிழிக்கிற மாதிரி எழுதியிருக்கிறேன் என்று முந்தைய பக்கத்தைப் புரட்டினார். செவ்வாய்க்கிழமை. அரசி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேட்ச் எப்போது பாப்பா என்று கேட்டேன். முடிந்துவிட்டதாம். நான் அங்கேதான் இருந்தேனாம், கை தட்டினேனாம். எழுந்து போய்க் கை கழுவினாள். சோறு அப்படியே இருந்தது. படித்ததும் அந்த ஆள் மேல் அவருக்கு ஆத்திரம் வந்தது, பெற்ற பெண்ணின் சோற்றில் மண்ணைப் போட்டவன் யாரடா என்று. அந்த ஆள் நான்தான். கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. விழுந்த அன்றைக்கு அரசி வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தாள் என்று அவள் அம்மா இந்திராணி சொன்னாள். மேட்ச் சொல்லுங்கப்பா என்று அவள்தான் கேட்டாளாம், நான் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு ஓட்டினேனாம். அன்றிலிருந்து அவள் கேட்பதில்லை. அவள் மேல் தப்பில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னேனா? எழுதவில்லையே. சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன், எழுதாததால் சொல்லவில்லை, அல்லது சொல்லிவிட்டு எழுத மறந்துவிட்டேன், எழுத மறந்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவது. அடுத்த வரியில் பெரிய எழுத்தில், ஆட்டத்தின்போது எழுதக் குனியாதே, குனிந்தால் ஆட்டம் போய்விடும். சட்டென்று நிமிர்ந்தார். நல்லவேளை, இன்னும் நடுவர் விசிலை வாயில் வைக்கவில்லை.

மேட்ச் சொல்லுங்கப்பா. அது அவள் ஏழாம் வகுப்பிலிருந்து. ஆடியவளுக்கு ஆட்டம் தெரியாது, மூச்சு மட்டும்தான் தெரியும், பார்த்தவன்தான் சொல்ல வேண்டும். டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னால் உட்கார்ந்து மோவாயை அவர் தோளில் வைத்துக்கொள்வாள், மண்ணும் வேர்வையுமாக ஒரு வாடை வரும், அவர் ஆரம்பிப்பார், நீ மொதோ தடவ பாடிப் போனப்ப வலது கார்னர்க்காரி கண்ண மூடித் தொறந்தா பாரு, அப்பவே எனக்குத் தெரியும், அவ பயந்துட்டா. அரசி பாடிப் போகும் ஒவ்வொரு முறையும் எந்தக் காலை முதலில் வைத்தாள், எங்கே தயங்கினாள், யார் மேல் கை பட்டது, ஒன்று விடாமல் வீடு வரைக்கும். வீடு வந்த பிறகும் முடியாமல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தபடியே சொல்வதும் உண்டு, இந்திராணி வந்து, ரெண்டு பேரும் எறங்குற உத்தேசம் இருக்கா என்று கேட்கிற வரைக்கும். சும்மா சொல்லக் கூடாது, பெருமை பீற்றுவதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. மோட்டார் எரிந்து, பயிர் காய்கிறதே என்று அடித்துப் பிடித்து வந்தவனை ஸ்டூலில் உட்கார வைத்து அரசியின் காலிறுதியை முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் மோட்டாரைத் தொடுவார். பொம்பளைப் பிள்ளைக்கு டவுசர் போட்டு விளையாட விடுகிறான் என்று பேசினவனெல்லாம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டவன்தான். அந்த வாய் இப்போது பொட்டலத்துக்கு மேல் மூடிக் கிடந்தது. விசில் அடித்தது.

முதல் பாயிண்டை அரசியே எடுத்தாள். உள்ளே போனாள், இடதுபுறம் சாய்ந்தாள், ஒரு பெண்ணின் முழங்கையைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டி வந்துவிட்டாள், அவ்வளவுதான், இமை கொட்டுவதற்குள். கடலை சட்டைப்பைக்குள் போனது. ஒன்று. பக்கத்தில் இருந்தவர் திரும்பி, "நல்ல வேகம்ணே அந்த நாலாம் நம்பர்ப் புள்ளைக்கு" என்றார். "எம்பொண்ணுதான்" என்றார் வைரக்கண்ணு, சொன்னதும் நெஞ்சு தானாக விரிந்தது. "அப்படியா! மஞ்ச ஏழு எம்பொண்ணுண்ணே. எடது கார்னரு. நாங்க திண்டுக்கல் பக்கம். எம்பேரு செபஸ்தியான்." வெள்ளைத் துண்டு போட்ட மனுஷர், சிரித்த முகம். மஞ்சள் ஏழின் அப்பா. பேர் தங்காது, மஞ்சள் ஏழு தங்கலாம், களத்தில் முதுகு தெரிகிறதே. ஒரு கடலை. அடுத்து அரசியைப் பிடித்துவிட்டார்கள், வெளியே போய் உட்கார்ந்தாள், திரும்ப உள்ளே வந்தாள், தொட்டாள். ஒரு கடலை. மூன்றாவது அவள் எடுத்ததா, பக்கத்திலிருந்த நீல ரெண்டு எடுத்ததா? நடுவர் கை தூக்கினார், யாருக்குத் தூக்கினார் என்று பார்ப்பதற்குள் அடுத்தவள் பாடிப் போய்விட்டாள். கபடி நின்று நிதானமாக ஆடுகிற ஆட்டமா. போடலாமா வேண்டாமா என்று கடலை இரண்டு விரலுக்கு நடுவில் நின்றது. போட்டார். இல்லை, போடக் கூடாது, பொய்க் கணக்கு ஆகிவிடும், வெளியே எடுத்தார். எடுத்தது அந்தக் கடலையா முந்தைய கடலையா என்பதில் என்ன வித்தியாசம், எல்லாக் கடலையும் ஒன்றுதான். இதிலேயே இரண்டு முறை பாடிப் போனது பார்வையிலிருந்து நழுவிவிட்டது. பார், ஆட்டத்தைப் பார். அரசி இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள், வாங்கிக்கொண்டே கேலரியைப் பார்த்தாள், அவரைத்தான் தேடினாள், அவர் கையைத் தூக்கினார், பொட்டலம் இருந்த கையை. அவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் திருப்பிக்கொண்டாள்? செவ்வாய்க்கிழமைச் சோறு. கேட்கக் கூடாது, மேட்ச் எப்போது என்று கேட்கக் கூடாது, இப்போது நடக்கிறது, இதுதான் மேட்ச். "ஒங்க பொண்ணு எதுண்ணே ஆடுது?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார், மரியாதைக்கு. வெள்ளைத் துண்டுக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். "மஞ்ச ஏழுண்ணே. இப்பத்தான சொன்னேன்." "சொன்னிய, சொன்னிய. சத்தத்துல காதுல விழல." பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தார். மனுஷர் தெரிந்துகொண்டுவிட்டார். அல்லது இல்லை. தெரிந்தால் என்ன, அவர் என்ன பெண் கொடுத்துப் பெண் எடுக்கப்போகிறாரா. ஆனாலும் அரசியின் அப்பன் அரைப் பைத்தியம் என்று நாளைக்கு மஞ்சள் கட்சி வேனில் பேசிக்கொண்டு போவார்களே, அது அரசியின் காதில் விழுமே. வாயை மூடிக்கொண்டிருப்பதே நல்லது. கடலை மட்டும் போட்டுக்கொண்டிரு. ஒரு கடலை. ஒரு கடலை. கத்தல் கூடக்கூட கை தானாக ஓடியது.

விசில். பாதி ஆட்டம் முடிந்து பெண்கள் தண்ணீர்ப் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். பலகையில் நீலம் பதிமூன்று, மஞ்சள் பதினைந்து. அது எல்லாருக்கும் தெரிகிற கணக்கு, பலகையே வைத்துக்கொள்ளட்டும், அவருக்கு வேண்டியது அரசியின் கணக்கு. சட்டைப்பைக்குள் விரலை விட்டார். இரண்டு கடலை இருந்தன. இரண்டுதானா? இந்த நெஞ்சு படபடக்கிற அளவுக்கு ஆடியவள் இரண்டுதானா எடுத்தாள்? வாயில் ஏதோ மாவு மாதிரி இருந்தது. நாக்கைச் சுழற்றினார். கடலை. குனிந்து பார்த்தார், மடியில் தோல், காலடியில் தோல், செருப்பு இடுக்கில் தோல். கை பழகியது போகாது என்று டாக்டர் சொன்னது சரிதான். கை இருபத்தேழு வருஷமாக வாஷரை டப்பாவுக்கு மாற்றியிருக்கிறது, ஐம்பது வருஷமாகக் கடலையை வாய்க்கு மாற்றியிருக்கிறது, எது பெரிய பழக்கம் என்று கைக்குத் தெரியாதா. வாஷரை எவனும் தின்னமாட்டான். மடையன். இரும்புக் கடையில் போய் நாலு வாஷர் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தால் என்ன? தோலைப் பொறுக்கி எண்ணிப் பார்த்தார், ஒரு கடலைக்கு இரண்டு ஓடு, நசுங்கினது எத்தனை, காற்றில் போனது எத்தனை, அதில் பொட்டலத்திலிருந்து நேராக வாய்க்குப் போனது எத்தனை, பையிலிருந்து போனது எத்தனை. மகளின் பாயிண்டைத் தின்றுவிட்டேன். சிரிப்பு வந்தது, சிரிப்போடு கண்ணும் எரிந்தது. "என்னண்ணே தேடுறீங்க?" என்றார் பக்கத்திலிருந்தவர். "ஒண்ணுமில்ல. அரசி, எம்பொண்ணு, எத்தன எடுத்தான்னு பாத்தியளா?" கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது. தன் பெண் எடுத்ததை எதிர்க்கட்சிக்காரரிடம் கேட்கிற அப்பன். மனுஷர் வைரக்கண்ணுவின் மடியில் கிடந்த தோலைப் பார்த்தார், சட்டைப்பையைப் பார்த்தார், பேண்ட் பாக்கெட்டிலிருந்து எட்டிப் பார்த்த டைரியைப் பார்த்தார். "ஆறுண்ணே" என்றார் மெதுவாக. "ஆறு எடுத்துச்சு. அருமையா ஆடுது."

ஆறு. ஆனால் ஆறு என்று சொல்வது மேட்ச் சொல்வதா? பலகையைப் பார்த்துச் சொல்கிற நம்பரையா அவர் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்? கால் எங்கே பட்டது, கை எங்கே நீண்டது, அது வேண்டும். எல்லாம் வேண்டாம். ஒன்று போதும். ஒரே ஒரு தடவை அவள் உள்ளே போய்த் திரும்புவதை முழுசாகப் பிடித்துவைத்துக்கொண்டு, அவள் வந்து நின்றதும் அதைச் சொல்லிவிட வேண்டும், அவள் கேட்காவிட்டாலும். பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தார். இரண்டாவது பாதி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அவள் போகும்போதும் இதை வைத்துக்கொள்ளலாமா, இதையா, என்று மனசு காய்கறிக்காரியிடம் கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி பொறுக்கியது, நல்லதாக இன்னொன்று வரும் என்று கையிலிருந்ததை விட்டது, விட்டது போய்விட்டது. பலகையில் இருபத்தாறு, இருபத்தெட்டு. மஞ்சள் முன்னால். நேரம் முடிகிறது, இதுதான் கடைசி, நீல நாலு பாடிப் போகிறது என்று மைக்கில் சொன்னார்கள். அரசி கோட்டில் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு பேரைத் தொட்டால் சமன். கபடிகபடிகபடி என்று உதடு மட்டும் தெரிந்தது. மஞ்சள் பெண்கள் விவரமானவர்கள், கிட்டேயே வரவில்லை, பின்கோட்டில் ஒட்டிக்கொண்டு நின்றார்கள், தொடாமல் விட்டாலே ஜெயித்த மாதிரி. அரசி இடது மூலைக்குக் காலை நீட்டி இழுத்தாள், நீட்டி இழுத்தாள், மூன்றாவது முறை நீட்டினபோது மஞ்சள் ஏழால் பொறுக்க முடியவில்லை, பாய்ந்து இடது கணுக்காலைப் பிடித்துவிட்டாள். "விடுடி! பிடிக்காத, விடுடி!" என்று பக்கத்திலிருந்தவர் எழுந்து நின்று அலறினார். வைரக்கண்ணுவும் எழுந்துவிட்டார். அந்தக் கணுக்கால் அவருக்குத் தெரியும். பட்டறைத் தரையில் சாக்கை விரித்து, அரசி எட்டாவது படிக்கும்போது, அவர் குப்புறப் படுத்து அந்தக் காலைப் பிடித்துக்கொள்வார். இழுக்காத பாப்பா, இழுத்தா பிடி இறுகும், திரும்பு. காலை மறந்துரு, இடுப்ப திருப்பு. தினம் நூறு முறை. இப்போது அரசி இழுத்தாள். இழுக்காதே. இழுத்தாள். பிறகு ஒரு கணம் உடம்பைத் தளரவிட்டாள், அவ்வளவுதான் முடிந்தது என்று கூட்டமே நினைத்தது, தளர்ந்த உடம்பு இடுப்பிலிருந்து முறுக்கித் திரும்பியது, மல்லாந்து விழுந்து, கை தலைக்கு மேலே நீண்டு, விரல் நுனி நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரு பாயிண்ட். இன்னொரு பெண் கூடச் சேர்ந்து பிடித்திருந்தால் இரண்டாகியிருக்கும். ஒருத்தியும் சேரவில்லை. விசில். இருபத்தேழு, இருபத்தெட்டு. தோற்றுவிட்டார்கள். அரசி மல்லாந்தபடியே கிடந்தாள், கை இன்னும் கோட்டைத் தாண்டி நீண்டிருந்தது.

இதுதான். இதுதான் வேண்டும். உட்கார்ந்தார். இழுக்கவில்லை, திரும்பினாள், கை நீண்டது. இழுக்கவில்லை, திரும்பினாள், கை நீண்டது. மஞ்சள் ஏழு பிடித்தாள். மைக்கில் யாரோ பெரிய மனுஷரை மேடைக்கு அழைத்தார்கள், அவர் இன்னொரு பெரிய மனுஷரை அழைத்தார், பொன்னாடை போர்த்தினார்கள், இந்தப் பாவிகள் ஒவ்வொரு பொன்னாடையாகப் போர்த்தி முடிப்பதற்குள் பத்து நிமிஷம் போய்விடுமே. இழுக்கவில்லை, திரும்பினாள். பாக்கெட்டில் போன் அடித்தது, இந்திராணியாக இருக்கும், எடுத்தால் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்பாள், அந்த இரண்டு வார்த்தை இதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். அடிக்கட்டும். டைரியில் எழுதினால்? எழுதலாம், ஆட்டம் முடிந்துவிட்டதே. பேனா? படிக்கு இடுக்கில் விழுந்துவிட்டதா, அரசியின் பையில் போய்விட்டதா, தேடக் கூடாது, தேடினால் தேடுவதுதான் மிஞ்சும். கை பழகியது போகாது. வைரக்கண்ணு குனிந்து இடது கையால் தன் இடது கணுக்காலைப் பிடித்துக்கொண்டார், பட்டறையில் பிடிக்கிற அதே பிடி, கட்டைவிரல் முன்னால், நாலு விரல் பின்னால். இனி விடக் கூடாது. எது வந்தாலும் விடக் கூடாது. வெள்ளைத் துண்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி, "கால்ல சுளுக்காண்ணே?" என்றார். தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா அவருக்கே தெரியாது. வாயைத் திறந்தால் இது வெளியே போய்விடும். இழுக்கவில்லை. திரும்பினாள். மைக்கில் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார், பெண்களின் வீரம், மண்ணின் பெருமை. வெயில் படியிலிருந்து இறங்கி மைதானத்துக்குப் போயிருந்தது. இழுக்கவில்லை. கேலரி காலியாகிக்கொண்டிருந்தது. காக்காய் ஒன்று கீழே கிடந்த கடலைத் தோலைக் கிளறியது. நிறையத் தோல். யார் இவ்வளவு தின்றது? பக்கத்தில் யாரோ ஒருவர் வெள்ளைத் துண்டோடு, போகாமல் உட்கார்ந்திருந்தார், பாவம், யாருக்காகவோ காத்திருக்கிறார் போல. கீழே களத்தில் சுண்ணாம்புக் கோடு அழிந்திருந்தது. அல்லது இன்னும் போடவில்லை. முதுகு வலித்தது. ஏன் இப்படிக் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம்?

அரசி படியேறி வந்தாள். நீல பனியன், முழங்கையில் மண், நடையில் லேசான நொண்டல், கையில் ஒரு கேடயம். முகம் கழுவியிருந்தாள், ஆனாலும் கண் சிவந்திருந்தது. எவ்வளவு வளர்ந்துவிட்டாள். அவளைப் பார்த்ததும் ஒரு கேள்வி தொண்டையிலிருந்து எழுந்து பல்லுக்கு வந்துவிட்டது, மேட்ச் எப்ப பாப்பா, உதடு முதல் எழுத்துக்குக் கூடிவிட்டது. "என்னப்பா, கால்ல என்ன?" என்றாள் அவள், பதறிப்போய். கால்? குனிந்து பார்த்தார். இடது கை இடது கணுக்காலைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கட்டைவிரல் முன்னால், நாலு விரல் பின்னால். இந்தப் பிடி. பட்டறை, சாக்கு, எட்டாவது படிக்கிற அரசி. இல்லை, அது இல்லை, அது பழசு. ஒரு மஞ்சள் முதுகு இருந்ததே. அவருக்குள் எங்கேயோ ஒரு வாஷர் டப்பாவில் விழுந்தது. "நீ இழுக்கல" என்றார். அரசி நின்றுவிட்டாள். "மொதல்ல இழுத்த. நான் இழுக்காதன்னு சொன்னேன். அப்பறம் ஒடம்ப விட்ட. எல்லாரும் செத்துச்சுன்னு நெனச்சாங்க. இடுப்ப திருப்பி மல்லாந்து விழுந்த, கை இப்படி," வலது கையைத் தலைக்கு மேலே நீட்டினார், "நகக்கண்ணு மட்டும் கோட்டத் தாண்டி. மஞ்ச ஏழுதான பிடிச்சது? அவ பிடிச்சிருக்கக் கூடாது." அரசி கேடயத்தைப் படியில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், உட்கார்ந்து மோவாயை அவர் தோளில் வைத்தாள், மண்ணும் வேர்வையுமாக அந்த வாடை வந்தது. தோள் நனைந்தது. "கேடயமெல்லாம் வாங்கியிருக்க. ஜெயிச்சாச்சா?" என்றார். வெள்ளைத் துண்டுக்காரர்தான் எழுந்து வந்து, கையிலிருந்த புதுப் பொட்டலம் ஒன்றை வைரக்கண்ணுவின் மடியில் வைத்தார். "பின்ன என்னண்ணே. இன்னைக்கு மைதானத்துல ஒங்க பொண்ணு ஆட்டந்தான் ஆட்டம்." சொல்லிவிட்டு அரசியின் தலையை ஒரு முறை தொட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார். யார் அந்த மனுஷர், நல்ல மாதிரியாக இருக்கிறாரே. "ஆமாப்பா" என்றாள் அரசி. "ஜெயிச்சாச்சு." ஏதோ அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது, ரொம்ப நாளாக, எழுதிக்கூட வைத்திருந்தார். நெல் காய்ந்த ரோடு. "பாப்பா, வண்டி வழுக்குனதுக்கு நீ என்ன பண்ணுவ. ஒன் மேல தப்பில்ல" என்றார். "தெரியும்ப்பா. சொல்லியிருக்கீங்க" என்றாள். எத்தனை முறை என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வேன் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வயல், சாய்ந்த வெயில், முன்னால் பெண்கள் களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கேயோ போய்விட்டு வருகிறோம். அரசி ஜன்னலோரம் உட்கார்ந்து இடது காலை அவர் மடிமேல் நீட்டியிருந்தாள், கணுக்காலில் கட்டுத்துணி, வீங்கியிருந்தது. அடிபட்டுவிட்டதா, ஆட்டத்திலா, ஆட்டம் எப்போது? கேட்கக் கூடாது என்று எங்கோ இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறது. அரசி அவர் இடது கையை எடுத்துத் தன் கணுக்காலின் மேல் வைத்தாள், கட்டைவிரலை முன்னால் தள்ளி, நாலு விரலைப் பின்னால் வளைத்து, பிடிக்கவைத்தாள். "மேட்ச் சொல்லுங்கப்பா" என்றாள். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட்டுவிட்டாள். டைரியில் அவள் கேட்பதில்லை என்றல்லவா இருக்கிறது, ஒரு வருஷத்துக்கு மேலாக, இன்றைக்குக் கேட்டுவிட்டாள், இதை எழுதிவைக்க வேண்டும், பேனா எங்கே. கைக்குள் கணுக்கால் சூடாக இருந்தது. "நீ இழுக்கல" என்று ஆரம்பித்தார், ஆரம்பித்ததும் மற்றது தானாக வந்தது, இடுப்பு, மல்லாந்து விழுந்தது, நகக்கண் மட்டும் கோட்டைத் தாண்டியது. அரசி கண்ணெடுக்காமல் கேட்டாள், இன்றைக்குத்தான் முதல் முறை கேட்கிறவள் மாதிரி, நடுவில் "அப்பறம்?" என்றுகூடக் கேட்டாள். முடிந்ததும் பொட்டலத்திலிருந்து ஒரு கடலையை எடுத்து அவர் சட்டைப்பையில் போட்டாள். உள்ளே வேறு கடலையில் பட்டுச் சத்தம் கேட்டது. விரலை விட்டுப் பார்த்தார். "இது என்ன கணக்கு பாப்பா?" "எங்கணக்குப்பா. தின்னுறாதீங்க." ஐந்து இருந்தன. எதற்கு ஐந்து என்று அவருக்குத் தெரியவில்லை, ஆனால் கணக்கு வைத்தவள் விவரமானவள் என்று தெரிந்தது, பையின் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பொட்டலத்தில் கடலை இன்னும் நிறைய இருந்தது. வீடு போய்ச் சேர முக்கால் மணி நேரம் இருந்தது.